பத்தாவது ஜோடிச் செருப்பு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பென்சில்தான் எழுதுகிறேன். நானும் என் இருமலும் நலம். நீயும் அத்தானும், அத்தானைவிட நீ அதிகம் கவனிக்கும் அவருடைய சர்க்கரையும் நலமா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. எங்கள் ஆராய்ச்சிக்கு அத்தானின் கால் வேண்டும்.

பதறாதே. கால் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அதற்குப் போட ஒரு ஜோடிச் செருப்பை நான் அனுப்புவேன், அவ்வளவுதான்.

நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மெல்ல மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, புண் வந்தாலும் தெரியாது. அவர்களை முன்கூட்டியே எச்சரிக்கும் செருப்பு ஒன்றைச் செய்கிறோம். பாதம் எங்கே அளவுக்கு மீறி அழுத்துகிறதோ, அங்கே செருப்பின் மேல் ஒட்டிய தாள் கறுத்துவிடும். கறுத்த இடத்தைப் பார்த்து டாக்டர் காலைப் பார்ப்பார்.

இதில் மூன்று துறை சேர்ந்திருக்கிறது. வடிவமைப்புக்கு நான், மருத்துவத்துக்கு ஒரு டாக்டரம்மா, உயிரியலுக்கு ஒருவர். செருப்பின் அடிப்பாகத்தைக் காளானிலிருந்து வளர்த்து எடுப்பவர் என்பதால் அவருக்குக் காளான்காரர் என்று பெயர். மூவருக்கும் ஒரே அறை, ஒரே மின்விசிறி. நான் வார் மெலிதாக இருக்க வேண்டும் என்பேன், டாக்டரம்மா அகலமாக வேண்டும் என்பார், காளான்காரர் எதுவானாலும் இன்னும் இரண்டு வாரம் வளரட்டும் என்பார்.

செருப்பைப் போட்டுப் பார்க்கப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். ஜூலையில் மேலிடத்துக் குழு பார்வைக்கு வருகிறது. பத்துக்கு ஒன்று குறைந்தாலும் எங்கள் அறையைப் பூட்டிப் பக்கத்துத் துறைக்குக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்துத் துறைக்காரர் இப்போதே ஜன்னலை அளந்து திரை தைக்கக் கொடுத்திருக்கிறார்.

உறவினரைச் சேர்ப்பதற்கு எங்கள் நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. நான் உங்கள் மனத்தைக் கலைத்துவிடக்கூடாதாம். அதனால் ஆய்வைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் எழுத்தில்தான், ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் கோப்பில் இருக்கும். கோப்பைக் காக்கும் அம்மாளை எங்கள் அறையில் கோப்பம்மா என்போம். இந்த வரியையும் அவர் படிப்பார் என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது.

அத்தானின் பாதங்களைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. அறிவுறுத்தல் தாள் இணைத்திருக்கிறேன்.

உன் தம்பி

பிப்ரவரி 17

அன்புள்ள பென்சிலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இருமலுக்கு என்ன செய்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் ஒன்றும் செய்யமாட்டாய். சுடுதண்ணீராவது குடி.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்த பையன் கடைசியில் மனிதர்களுக்கு உபயோகமாக ஒன்று செய்கிறான், அதையும் பூட்டிவிடுவார்களா? பத்தாவது ஆள் கிடைத்தாயிற்று என்று உன் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடு. அத்தானிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அவருடைய பாதத்தை வரைந்து இணைத்திருக்கிறேன். வரையும்போது கூசுகிறது என்று மூன்று முறை காலை இழுத்துவிட்டார். இடது பெருவிரல் பக்கம் கோடு ஓடியிருப்பது அதனால்தான்.

அறிவுறுத்தல் தாளையும் திருப்பி அனுப்புகிறேன். சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, உன் அத்தான் பிழை திருத்தியிருக்கிறார். அச்சகத்தில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார், வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருப்பதில்லை. மருந்துச் சீட்டைக்கூடத் திருத்தித்தான் கடைக்காரனிடம் கொடுக்கிறார். ஒரு சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தால் "இது சரி, யாரும் கை வைக்காதே" என்று அச்சுக்காரர்களுக்கு அர்த்தமாம். உங்கள் தாளில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் புள்ளி கிடைத்திருக்கிறது. கடைசி வரியில் இருக்கும் "நன்றி".

ஆய்வைப் பற்றி மட்டும் எழுத்தில் என்றாய். எது ஆய்வு, எது ஆய்வில்லை என்று நமக்குள் யார் தீர்மானிப்பது? விதி என்றால் விதி. ஆய்வு முடியும்வரை போனே வேண்டாம்.

இதைப் படிக்கும் கோப்பம்மாவுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

அன்புடன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. சுடுதண்ணீர் என்று எழுதியதைக் கோப்பம்மாவும் படித்திருக்கிறார், வராந்தாவில் நிறுத்தி "குடிச்சீங்களா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் இப்போது இரண்டு அக்கா.

செருப்புப் பார்சல் இதோடு வருகிறது. நிறத்துக்காகவே எங்கள் அறையில் பத்து நாள் சண்டை நடந்தது. தாள் கறுப்பது தெரிய வேண்டும் என்பதால் வெளிர் மஞ்சள். டாக்டரம்மா "ஆம்பளைங்க இதைப் போட்டுப்பாங்களா?" என்றார். என் அத்தான் எதையும் பொருட்படுத்தாதவர் என்று சொல்லியிருக்கிறேன். காப்பாற்று.

காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வீட்டிலும் வெளியிலும் இதையே போட வேண்டும். மாதம் ஒருமுறை மேல்தாளை உரித்து எனக்கு அனுப்பிவிட்டுப் புதுத்தாளை ஒட்ட வேண்டும். மூன்றாம் மாதம் செருப்பையே அனுப்பிவிடு. கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். காளானில் செய்ததுதான் என்றாலும் சூட்டில் வைத்து எடுத்தாயிற்று, இனி அதில் உயிர் இல்லை என்று காளான்காரர் உறுதி கூறுகிறார்.

அத்தானுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 24

அன்புள்ள பென்சிலுக்கு,

இருமல் போனதில் மகிழ்ச்சி. கோப்பம்மாவுக்கு என் நன்றி.

முதல் மாதத் தாள் இணைத்திருக்கிறேன். அத்தான் மிகவும் திருப்தியாக இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

காலையில் அடுப்படியில் வெகுநேரம் நின்றாலும் அவருக்குக் கால் வலிப்பதில்லையாம். துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறி இறங்கும்போது வழுக்கவில்லையாம். மேல் பரணிலிருந்து பெரிய பாத்திரத்தை எடுக்க முக்காலி மேல் ஏறினபோதுகூடப் பிடிமானமாக இருந்ததாம். கடைத்தெருவில் தக்காளிக்காரியிடம் பேரம் பேசி நின்றபோது அவள் "செருப்பு எங்கே வாங்கினது?" என்று விசாரித்தாளாம். ஒரே குறை, பின்பக்கம் கொஞ்சம் தாராளம். அதற்கு ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டாயிற்று.

ஒரு சங்கதி. கழுவ வேண்டாம் என்றாய். நாலு பேர் நடக்கும் தெருவில் நடந்த செருப்பைக் கழுவாமல் வீட்டுக்குள் விடுவதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை. தினமும் கழுவிக் குளியலறை ஜன்னலில் சாய்த்து வைத்தேன். நேற்றுப் பார்த்தால் வலது செருப்பின் ஓரத்தில் குடை பிடித்தாற்போல் ஒன்று முளைத்திருக்கிறது. உயிர் இல்லை என்று உறுதி கூறியவரிடம் இதைத் தெரிவித்துவிடு. கிள்ளித் துடைத்துவிட்டேன்.

தாளின் ஓரம் ஈரத்தில் கொஞ்சம் கழன்றுகொள்கிறது. நானே பசை வைத்து ஒட்டிக்கொள்கிறேன்.

வேறொன்றும் இல்லை. அவருடைய நீலச் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து விழுந்து எங்கேயோ போய்விட்டது. வீடு முழுக்கக் குப்புறப் படுத்துத் தேடியும் கிடைக்கவில்லை. அதே நிறத்தில் கடையில் இல்லை. அந்தச் சட்டையைத்தான் அவர் விரும்பிப் போடுவார்.

அன்புடன் அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது, அதிலும் அத்தான் அளவுக்கு மீறி நலம் என்று தெரிகிறது.

உன் கடிதத்தை டாக்டரம்மா உரக்கப் படித்தார். அடுப்படியில் நிற்கிறார், துணி காயப்போடுகிறார், பரணில் ஏறுகிறார் என்று ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "இவர் மாதிரி ஒருத்தர் இருக்கார்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா நம்பமாட்டார்" என்றார். நகல் கேட்டு வாங்கிப்போய் அவர் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாராம். வீட்டில் இப்போது பேச்சுவார்த்தை இல்லையாம்.

முளைத்த செய்தியைக் கேட்டதும் காளான்காரர் முகம் வெளிறிப்போனார். அதற்குள் அதைக் கிள்ளிப் போட்டதைக் கேட்டதும் இன்னும் வெளிறிப்போனார். "ஒரு துண்டாவது எடுத்து வெச்சிருக்கக் கூடாதா உங்க அக்கா?" என்று இரண்டு நாளாகப் புலம்புகிறார். அக்கா, தயவுசெய்து கழுவாதே.

ஒன்று கேட்கலாமா? எனக்குத் தெரிந்து அத்தானுக்குக் கடைத்தெரு எந்தப் பக்கம் என்றே தெரியாது. போன முறை நான் வந்திருந்தபோது உப்பு எங்கே என்று என்னைக் கேட்டார்.

உன் தம்பி

மே 26

பென்சிலுக்கு,

நலம். மனிதர்கள் திருந்தவே கூடாதா? உன் அத்தான் திருந்திவிட்டார். இதற்குமேல் அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் மாதத் தாள் இணைத்திருக்கிறேன். செருப்பு பிரமாதம் என்கிறார். போட்டால் தரையே தெரியவில்லையாம், பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறதாம். கழற்றிய பிறகும் அந்தச் சுகம் போவதில்லை, வெறுங்காலோடு நடந்தாலும் பஞ்சு மேல்தானாம். இந்த வரியை மேலிடத்துக் குழுவுக்கு வாசித்துக் காட்டு. அவர்கள் வாயடைத்துப் போகட்டும்.

ஜூலை வந்துவிடும். பத்துப் பேரும் சரியாக இருக்கிறார்களா? யாராவது நடுவில் கழன்றுகொண்டால் என்னிடம் சொல், நான் கடிதம் எழுதிப் புத்தி சொல்கிறேன். உன் மேஜையையும் நாற்காலியையும் வராந்தாவில் தூக்கிப் போடுவதுபோல் எனக்குக் கனவு வருகிறது.

கழுவுவதை நிறுத்திவிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான்.

கோப்பம்மாவுக்கு முதுகு தேவலையா?

அக்கா

ஜூன் 24

அக்கா,

நலம் விசாரிக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை. மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "விதி இருக்கு, எழுத்துல சொல்லு" என்று வைத்துவிட்டாய். எழுத்திலேயே சொல்கிறேன்.

உன் பார்சல் நேற்று வந்தது. செருப்பை மேஜைமேல் வைத்தோம். முதல் இரண்டு மாதத் தாளும் டாக்டரம்மாவிடம் நேராகப் போய்விட்டதால் நான் பார்க்கவில்லை. அவர் அத்தானின் காலைக் கண்டதில்லை. நாடா கட்டிக்கொண்டதாக நீ எழுதியதைப் படித்து நான்தான் அளவைத் தப்பாக வெட்டிவிட்டேன் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

செருப்பு அத்தானின் அளவுக்குச் செய்தது. ஆனால் அதில் கறுத்திருக்கும் பாதம் முன்பக்கம் இரண்டு விரற்கடை முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பெருவிரலைத் தாண்டி இரண்டாம் விரல் நீண்டு நிற்கிறது. அந்தக் காலை எனக்குத் தெரியாதா? அப்படி விரல் நீண்டவள் வீட்டை ஆளுவாள் என்று எல்லோரும் சொல்ல, நீ கர்வத்தோடு காலை நீட்டிக்கொண்டு உட்காருவாய். சாக்பீஸால் தரையில் அந்தப் பாதத்தை எத்தனை முறை வரைந்திருப்பேன்! பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுப்படியில் நின்ற அத்தான், பரணில் ஏறிய அத்தான், தக்காளிக்காரியிடம் பேரம் பேசிய அத்தான் யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டரம்மாவின் வீட்டுக்காரருக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தேன்.

பிறகு வலது செருப்பின் தாளை உரித்தேன். பெருவிரலுக்குக் கீழே, முழு எடையும் விழும் இடத்தில், வட்டமாக ஒரு கறுப்பு. நடுவில் நான்கு துளை. தாளுக்கும் அடிக்கும் நடுவிலிருந்து ஒரு நீலப் பொத்தான் பெயர்ந்து மேஜைமேல் உருண்டு விழுந்தது. நீ கழுவிக் கழன்ற ஓரத்தின் வழியாக அது உள்ளே போக, நீயே பசை வைத்து அதை உள்ளேயே ஒட்டியிருக்கிறாய். அடியில் பதிந்துபோனதால் மே மாதம் தாளை மாற்றியபோதும் அது உன் கண்ணில் படவில்லை.

நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இரண்டாம் மாதத் தாளை எடுத்து வந்து பார்த்தார். அதிலும் அதே வட்டம், மங்கலாக. "இத்தனை நாள் இது மேல நடந்திருக்காங்க. ஒரு தடவைகூடக் குத்துதுன்னு எழுதலையே" என்றார். உன் பஞ்சு மேல் நடக்கும் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இது செருப்போட சுகம் இல்லை. கால் மரத்துப்போனவங்க எல்லாருமே இப்படித்தான் சொல்வாங்க" என்றார்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தானின் சர்க்கரையை இத்தனை வருஷம் அளந்தாயே, உன்னுடையதை ஒரு முறையாவது அளந்தாயா? உன் வலது பாதத்தைத் திருப்பிப் பார். அங்கே புண் இருக்கும், உனக்குத் தெரிந்திருக்காது என்கிறார் டாக்டரம்மா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

பத்து ஒன்பதானால் ஆகட்டும். அறை போனால் போகட்டும்.

தம்பி

ஜூன் 30

பென்சிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அது அத்தானின் கால்தான். வயதானால் ஆளே சுருங்கிப்போகும்போது கால் மட்டும் சுருங்காதா? டாக்டரம்மாவைக் கேட்டுப் பார்.

எனக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை அவருக்கு. எனக்கு வேலை இருக்கிறது.

ஜூலையில் வருகிறவர்களிடம் தேவையில்லாமல் வாயைக் கொடுக்காதே. பொத்தானைத் திருப்பி அனுப்பு.

கோப்பம்மா அவர்களே, என் தம்பி சின்ன வயதிலிருந்தே எதையும் பெரிதாக்கி வரைவான். பொருட்படுத்த வேண்டாம்.

அக்கா

ஜூலை 8

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் நலமறிய ஆவல். வீட்டு விலாசத்துக்கு எழுதினால் கடிதம் உங்கள் கைக்கு வராது என்பதால் அச்சகத்துக்கு எழுதுகிறேன்.

அக்காவுக்கு நான் எழுதியதன் நகலையும், அவள் எனக்கு எழுதிய கடிதங்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். முழுவதும் படியுங்கள். பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

நெறிமுறைக் குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்தாம் எண்ணை அடித்துவிட்டார்கள். ஆகவே அக்கா இனிக் காப்பாற்ற இங்கே ஒன்றும் இல்லை. பக்கத்துத் துறைக்காரர் நேற்றுத் திரையை மாட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அது கிடக்கட்டும். அவள் காலைப் பாருங்கள் அத்தான். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மைத்துனன்

ஜூலை 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். நான் அதிகம் எழுதிப் பழகியவனில்லை, பிறர் எழுதியதைத் திருத்தித்தான் பழக்கம். அதனால் எனக்குத் தெரிந்த முறையிலேயே எழுதுகிறேன்.

பிழைதிருத்தம்.

ஏப்ரல் 24 கடிதத்தில் "அத்தான்", "அவர்" என்று வரும் இடங்களில் எல்லாம் "நான்" என்று திருத்தி வாசிக்கவும்.

"அத்தான் மிகவும் திருப்தியாக இருக்கிறார்" என்ற வாக்கியத்தை நீக்கவும்.

மே 26 கடிதத்தில் "உன் அத்தான் திருந்திவிட்டார்" என்பதையும் நீக்கவும். ஆதாரம் இல்லை.

செருப்பை நான் ஒரு நாளும் போடவில்லை. பார்சலைப் பிரித்ததும், "சாப்பிடற பொருள் மேல நான் கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நிறமும் எனக்குப் பிடிக்கவில்லை. உன் அக்கா அரை நாள் சண்டை போட்டாள். அப்புறம் செருப்பைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, "நீங்க வாயைத் திறந்தா என் தம்பி தெருவுக்கு வந்துடுவான்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

உன் கடிதத்தை அச்சகத்தில் நின்றுகொண்டே படித்தேன். பிழை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, கவனிக்கவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து காலைக் காட்டச் சொன்னேன். எறும்பு கடித்தது என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவளை அதட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பொத்தான் அளவுக்குப் புண். ஓரமெல்லாம் வெளுத்திருக்கிறது. நான் விரலால் அழுத்தினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பார்த்தாச்சா?" என்று கேட்டாள்.

எழுத்தெழுத்தாகப் பார்ப்பவன் என்று எனக்குப் பெயர். என் வீட்டில் நடமாடும் காலை நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வாக்கியமும் நீக்கப்படும்.

அத்தான்

ஜூலை 18

அம்மையீர்,

பொருள்: பத்தாம் எண் பாதம்.

தாங்கள் செய்தது நெறிமுறைகளுக்கு முற்றிலும் மாறானது என்பதைத் தெரிவிக்கக் குழு என்னைப் பணித்துள்ளது. தெரிவித்துவிட்டேன்.

தங்கள் தம்பி அது குறித்து மறைக்காமல் தாமே வந்து சொன்னதைக் குழு பதிவு செய்துள்ளது. யாருக்கும் தெரியாதிருந்த ஒன்றைச் செருப்பு காட்டிக்கொடுத்ததால், பார்வைக்கு வந்த மேலிடத்துக் குழு அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தது. அறையை ஆண்டு இறுதிவரை பூட்ட வேண்டாம் என்று முடிவாகியுள்ளது. அதற்குள் பத்தாவது ஆள் சேர வேண்டும். பக்கத்துத் துறையின் திரை திருப்பி அனுப்பப்பட்டது.

தாங்கள் சோதனைக்குச் சென்றீர்களா என்று குழு அறிய விரும்புகிறது. குழு என்று நான் எழுதுவது நடைமுறைக்காக. கேட்பது நான்தான்.

என் முதுகு தேவலை. விசாரித்ததற்கு நன்றி.

இங்ஙனம்,
கோப்பு எழுத்தர் (அறையில் வழங்கும் பெயர்: கோப்பம்மா)

ஆகஸ்ட் 11

அன்புள்ள பென்சிலுக்கு,

அக்கா எழுதுவது. கடிதம் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. காலைக் கீழே ஊன்றக்கூடாது என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். நேரம் நிறைய இருந்தது. ஆனாலும் உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். உன் அத்தானுடையதைவிட எனக்கு அதிகம். பல வருஷமாக இருந்திருக்கும் என்கிறார்கள். அவருக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, மறைத்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் என்னைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நூல் ஒன்றால் பாதத்தைத் தொடுவேன், தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. "எப்ப டாக்டர் ஆரம்பிக்கப் போறீங்க? எனக்கு வீட்ல வேலை இருக்கு" என்றேன். அவர், "முடிச்சிட்டேம்மா" என்றார்.

கண்ணைத் திறந்தால் உன் அத்தான் சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் பெரிய பிழை ஒன்று இருந்தது, நானே பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

புண் ஆறிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்குமாம். எந்த விரல் என்று கேட்டேன். பெருவிரல் என்றார் டாக்டர். உன் செருப்பு இல்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உன்னைக் காப்பாற்றப்போகிறேன் என்று அதை மாட்டிக்கொண்டேன். யார் யாரைக் காப்பாற்றினது என்று கோப்பில் எப்படி எழுதுவார்களோ, தெரியவில்லை.

உன் அத்தான் இப்போது நிஜமாகவே அடுப்படியில் நிற்கிறார். கடைத்தெருவுக்குப் போகிறார். தக்காளிக்காரி அவரை நன்றாக ஏமாற்றுகிறாள். உன் டாக்டரம்மாவிடம் சொல், அலமாரியில் ஒட்டிய கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், தாமதமாக உண்மையாகிவிட்டது. பொத்தான் வந்து சேர்ந்தது. அவரே ஊசியில் நூல் கோத்துத் தைத்துக்கொண்டார். ஒரு துளை விட்டுப்போயிருக்கிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பம்மா அவர்களே, சோதனைக்குப் போனேன். உங்கள் ஆய்வுக்கு எனக்கு எல்லாத் தகுதியும் வந்துவிட்டது. பத்தாவது ஆளாக என் பெயரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழுவமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். காளான்காரருக்கு மட்டும் ஒன்று வேண்டுமானால் கழுவித் தருகிறேன்.

என் பாத அளவு இணைத்திருக்கிறேன். இந்த முறை உன் அத்தான் தரையில் உட்கார்ந்து வரைந்தார். நான் காலை இழுக்கவில்லை, எனக்குக் கூசவில்லை. அது பரவாயில்லை, டாக்டர் தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்கச் சொல்லியிருக்கிறார். எனக்குக் குனிய முடியவில்லை, அதனால் அவர்தான் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு என் காலைப் பார்த்துவிட்டு அச்சகத்துக்குப் போகிறார்.

வரைந்து முடித்ததும் அந்தச் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார். திருத்த ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்குக் காட்டாமல் மடித்து உறையில் போட்டுவிட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் விரலுக்குக் கீழே, அன்றைக்கு "நன்றி"க்கு வைத்ததுபோல், வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் அக்கா